டெபியன் 13க்கு மாறியபின் பிளாஸ்மா டெஸ்க்டொப் அமைப்புகள் எங்கே போகின்றன?

வாசகர் கேள்வி, 2025 செப்டெம்பர் 6

"கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சமைப்புக் கடை வைத்திருக்கிறேன். 31ஆம் நாள் கல்வெட்டு (இறந்தவருக்கான நினைவு மலர்), திருமண அழைப்பிதழ், பில் புத்தகம் போன்ற வேலைகள்தான் அதிகம். டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டொப் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. சென்ற வாரம் டெபியன் 13க்கு ஏற்றினேன். இப்போது கீழே இருந்த பனல் (பணிப்பட்டை) இல்லை, பின்னணிப் படம் மாறிவிட்டது, இரண்டாவது திரை இடம்வலம் மாறி நிற்கிறது, நான் பதிந்து வைத்திருந்த சுருக்குவிசைகள் வேலை செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழுக்கு மாற்றித் தட்டினால் சிங்கள எழுத்து விழுகிறது. ஹோம் கோப்புறையில் உள்ள கொன்பிக் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டு மறுபடி உள்நுழைந்தால் எல்லாம் சரியாகும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அழிக்கலாமா?"

2025 செப்டெம்பர் 6, இரவு

அழிக்க வேண்டாம். உங்கள் அமைப்புகள் பெரும்பாலும் அந்தக் கோப்புறைக்குள்ளேயே, நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கின்றன. புதிய டெஸ்க்டொப் அவற்றில் சிலவற்றைப் படிக்கவில்லை என்பதுதான் சிக்கலே தவிர, அவை அழிந்துபோய்விட்டன என்பதற்கு நீங்கள் எழுதியவற்றில் ஓர் அறிகுறியும் இல்லை. உங்கள் நண்பர் சொன்ன வழியில் போனால், இப்போது படிக்கப்படாமல் இருப்பவை உண்மையிலேயே இல்லாமற்போகும்.

இன்னொன்றையும் உடனே சொல்லிவிட வேண்டும். புள்ளியில் தொடங்கும் அந்த மறைந்த கொன்பிக் கோப்புறை டெஸ்க்டொப்புக்கு மட்டும் உரியதன்று. லிப்ரே ஒபிஸ் தன் பயனர் விவரங்கள் முழுவதையும் அதற்குள்தான் வைத்திருக்கிறது: நீங்கள் சேமித்த டெம்ப்ளேட்டுகள், சேர்த்துவைத்த சொற்பட்டியல், தானாகத் திருத்தும் பட்டியல் எல்லாம் அங்கேயே உள்ளன. குரோம் பாவிப்பவராக இருந்தால் புக்மார்க்குகளும் அங்கேதான். கல்வெட்டு செய்யும் கடையில் டெம்ப்ளேட்டுகள் போனால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நாளை போயா, கடை பூட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அவசரப்படாமல் முதலில் ஒரு பிரதி எடுங்கள். டெஸ்க்டொப்பிலிருந்து வெளியேறி, கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள கறுப்புத் திரை வரும். அதில் உள்நுழைந்து கொன்பிக் கோப்புறையையும், லோக்கல் என்ற மறைந்த கோப்புறையின் உள்ளே உள்ள ஷெயார் கோப்புறையையும், உரிமையாளர் விவரமும் திகதிகளும் மாறாதபடி ஒரு வெளி வன்தட்டுக்குப் பிரதி செய்யுங்கள். அந்த வன்தட்டு விண்டோஸ் முறையில் ஃபோர்மட் செய்யப்பட்டிருந்தால் உரிமையாளர் விவரம் அதில் தங்காது. அப்போது டார் கட்டளையால் ஒரே பொதியாகக் கட்டி வையுங்கள். டெஸ்க்டொப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரதி எடுப்பதும் கோப்புகளைத் திருத்துவதும் நம்பத்தக்கவையல்ல, ஏனெனில் அது தன் நினைவில் வைத்திருப்பதைப் பின்னர் கோப்பில் எழுதும்போது நீங்கள் செய்த திருத்தம் மறைந்துவிடும்.

2025 செப்டெம்பர் 7

பிரதி எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்ததாக ஒரு புதிய பயனர் கணக்கை உருவாக்கி அதில் உள்நுழைந்து பாருங்கள். அங்கே பனலும் பின்னணியும் ஒழுங்காக வந்தால் நிறுவல் நலமாக இருக்கிறது, தேட வேண்டிய இடம் உங்கள் ஹோம் கோப்புறை மட்டுமே. புதிய கணக்கிலும் பனல் வராவிட்டால், தரமேற்றல் பாதியில் நின்றிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அப்போது அமைப்புக் கோப்புகளைக் கிளறுவதில் பயன் இல்லை.

2025 செப்டெம்பர் 7, மாலை

புதிய கணக்கு ஒழுங்காக வருகிறது என்பது நல்ல செய்தி. இனிப் பனலைத் தேடுவோம்.

பிளாஸ்மாவில் பனல், பின்னணிப் படம், விட்ஜெட்டுகள் (கடிகாரம் போன்ற சிறு கருவிகள்) ஆகிய எல்லாம் ஒரே கோப்பில் எழுதப்படுகின்றன. கொன்பிக் கோப்புறைக்குள் பிளாஸ்மா என்று தொடங்கி அப்லெட்ஸ்ஆர்சி என்று முடியும் நீண்ட பெயருள்ள கோப்பு அது. சாதாரண எழுத்துக் கோப்புதான். எந்தத் தொகுப்பியிலும் திறக்கலாம். உள்ளே கண்டெய்ன்மெண்ட்ஸ் என்ற சொல்லும் ஓர் எண்ணும் சதுர அடைப்புக்குள் வரும் பகுதிகள் பல இருக்கும். ஒவ்வொரு பனலும் அப்படி ஒரு பகுதி, ஒவ்வொரு திரையின் பின்னணியும் அப்படி ஒரு பகுதி. அந்தப் பகுதிகளில் இரண்டு வரிகளை மட்டும் கவனியுங்கள். லாஸ்ட்ஸ்கிரீன் என்ற வரி, அந்தப் பனல் கடைசியாக எந்தத் திரையில் இருந்தது என்பதை எண்ணாகச் சொல்லும். முதல் திரை 0, அடுத்தது 1. அக்டிவிட்டிஐடி என்ற வரி, அந்தப் பின்னணி எந்தச் செயற்பாட்டுக்கு (பிளாஸ்மாவில் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் வேலைச்சூழல்) உரியது என்பதை நீண்ட குறியீடாகச் சொல்லும்.

உங்கள் இரண்டாவது திரை இடம் மாறி நிற்கிறது என்று சொன்னதை வைத்துப் பார்த்தால், திரைகளின் எண் ஒழுங்கு மாறியிருக்க வாய்ப்பு உண்டு. பழைய பனல் கோப்பில் இருக்கும், ஆனால் அது தனக்கு உரிய திரையைத் தேடிக்கொண்டிருக்கும். பின்னணிப் படமும் அதே கதைதான்: குறியீடு பொருந்தாவிட்டால் பிளாஸ்மா பழைய பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டுப் புதிய பகுதி ஒன்றை இயல்புப் படத்துடன் உருவாக்கிக்கொள்கிறது. ஆகவே அந்தக் கோப்பில் ஒரே மாதிரியான பகுதிகள் இரட்டையாக இருந்தால் வியப்படைய வேண்டாம். அவற்றில் ஒன்றில் உங்கள் பழைய படத்தின் முகவரி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

2025 செப்டெம்பர் 8

படத்தின் முகவரி இருக்கிறது, பனலின் பகுதியில் லாஸ்ட்ஸ்கிரீன் 1 என்று இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் அதைக் கையால் திருத்துவதற்கு முன் திரைகளை முதலில் ஒழுங்குபடுத்துங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் திரைகளின் பகுதிக்குப் போய், எது முதன்மைத் திரை என்பதைத் தெரிவு செய்து, வெளியேறி உள்நுழையுங்கள். பெரும்பாலும் பனல் தானாகவே வந்துவிடும்.

திரை ஒழுங்கு ஏன் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதே கேள்வி பலரிடமிருந்து வருகிறது. 2024 பெப்ரவரி 28 அன்று வெளியான பிளாஸ்மா 6, திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய எக்ஸ்11 முறையை விடுத்துப் புதிய வேலண்ட் முறையை இயல்பாக்கியது. டெபியன் 12இல் இருந்தது பிளாஸ்மா 5.27; டெபியன் 13இல் இருப்பது 6.3. ஆகவே தரமேற்றிய பலர் தாம் அறியாமலேயே எக்ஸ்11இலிருந்து வேலண்டுக்கு மாறியிருக்கிறார்கள். எக்ஸ்11இல் திரை விவரங்கள் லோக்கல் கோப்புறைக்குள் கேஸ்கிரீன் என்ற பெயரில் இருந்தன. வேலண்டில் அவற்றை க்வின் என்ற சாளர மேலாளரே கொன்பிக் கோப்புறைக்குள் தனியான ஒரு கோப்பில் வைத்துக்கொள்கிறது. பழையது பழைய இடத்தில் பத்திரமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒருமுறை புதிதாக ஒழுங்குபடுத்தினால் போதும். அதற்காகப் பழைய கோப்பை மாற்றி எழுத முயல்வது வீண் வேலை.

2025 செப்டெம்பர் 8, இரவு

தமிழ் கேட்டால் சிங்களம் வருவது பற்றி. கொழும்பில் இந்தச் சிக்கலை நான் பல கணினிகளில் பார்த்திருக்கிறேன், அதனால் இதற்குச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

லினக்ஸின் விசைத்தளப் பட்டியலில் இலங்கைக்கு எல்கே என்ற இரண்டெழுத்துக் குறியீடு உண்டு. அந்தக் குறியீட்டை மட்டும் கொடுத்தால் கிடைப்பது சிங்கள ஒலியியல் விசைத்தளம். தமிழ்நெட் 99 விசைத்தளம் அதே எல்கேயின் கீழ் ஓர் உட்பிரிவாகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. உட்பிரிவின் பெயர் எங்காவது தவறிப்போனால், நாடு சரியாகவே இருக்கும், மொழி மட்டும் சிங்களமாகிவிடும். பனலில் உள்ள விசைத்தளக் குறியும் முன்போலவே எல்கே என்றுதான் காட்டும் என்பதால், பார்ப்பவருக்கு ஒன்றும் மாறாதது போலவே தோன்றும்.

கேடிஈயில் இது எழுதப்படும் கோப்பு கே, எக்ஸ், கே, பி, ஆர், சி என்ற ஆறு எழுத்துகளைக் கொண்டது. அதில் லேயவுட்லிஸ்ட், வேரியண்ட்லிஸ்ட் என்று இரண்டு வரிகளைத் தேடுங்கள். முதல் வரியில் யூஎஸ், காற்புள்ளி, எல்கே என்று இருந்தால், இரண்டாவது வரி காற்புள்ளியில் தொடங்கி அதன்பின் தமிழ் உட்பிரிவின் பெயரைக் கொண்டிருக்க வேண்டும். இரண்டு பட்டியல்களும் இடத்தை வைத்தே ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன. ஆங்கிலத்துக்கு உட்பிரிவு தேவையில்லை என்பதால் அதன் இடம் வெறுமையாக விடப்படுகிறது. அந்த வெறுமையைக் காட்டுவதுதான் முன்னால் நிற்கும் காற்புள்ளி. அது விடுபட்டால் தமிழ் உட்பிரிவு ஆங்கில விசைத்தளத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், எல்கே வெறுமையாகிச் சிங்களமாகும். இதே பகுதியில் யூஸ் என்ற வரி ட்ரூ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் டெஸ்க்டொப் இந்தக் கோப்பின் விசைத்தளப் பட்டியலைப் பயன்படுத்தாது.

2025 செப்டெம்பர் 9

வேரியண்ட்லிஸ்ட் வரியே கோப்பில் இல்லை, ஆனால் டெபியன் 12இல் தமிழ் வந்ததே என்று கேட்கிறீர்கள். அப்படியானால் முன்பு உட்பிரிவைக் கொடுத்தது வேறு ஏதோ ஒன்று. ஹோம் கோப்புறையில் எக்ஸ்புரொஃபைல் என்ற மறைந்த கோப்பு இருக்கிறதா, அல்லது தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலில் செட்எக்ஸ்கேபிமேப் என்ற கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள். கணினியை முதலில் நிறுவித் தந்தவர் அந்த வழியில் செய்திருக்கலாம். அது எக்ஸ்11 காலத்துக் கட்டளை. வேலண்டில் விசைத்தளத்தை க்வின் தானே தீர்மானிக்கிறது, அந்தக் கட்டளையை அது பொருட்படுத்துவதில்லை.

2025 செப்டெம்பர் 9, இரவு

கட்டளை இருந்த இடம் அகப்பட்டதில் மகிழ்ச்சி. அந்தக் கோப்பை அழிக்காமல் விட்டுவிட்டு, சிஸ்டம் செட்டிங்ஸின் விசைப்பலகைப் பகுதியில் எல்கேயின் தமிழ்நெட் 99ஐச் சேர்த்து, வெறும் எல்கேயை நீக்கிவிடுங்கள். கோப்பில் காற்புள்ளி உட்பட எல்லாம் தானாகவே சரியாக எழுதப்படும்.

2025 செப்டெம்பர் 11

ரெங்கநாதன் விசைத்தளத்தில் தட்டுபவர்களுக்கும் ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. நம் அரச அலுவலகங்களிலும் தட்டச்சு படித்து வந்தவர்களிடமும் அதுதான் பழக்கம். அது மேலே சொன்ன பட்டியலில் இல்லை. எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டுத் தொகுப்பின் வழியாக ஐபஸ் அல்லது ஃப்சிடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டு மென்பொருளால் வருகிறது. எக்ஸ்11இல் அந்த மென்பொருளைத் தானாகத் தொடங்கும்படி வைத்து, சில சூழல் மாறிகளைக் கொடுத்தால் வேலை முடிந்தது. வேலண்டில் அதைத் தொடங்குவது க்வினின் பொறுப்பாக்கப்பட்டிருக்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் மெய்நிகர் விசைப்பலகை என்ற பகுதிக்குள் போய் அதைத் தெரிவு செய்ய வேண்டும். உண்மையான விசைப்பலகையில் தட்டுபவர் எவரும் அந்தத் தலைப்புக்குள் போய்த் தேடமாட்டார், ஆகையால் விசைத்தளம் அழிந்துவிட்டது என்றே முடிவு செய்கிறார்கள். அவர்கள் தெரிவு செய்து வைத்த ரெங்கநாதன் விசைத்தளம் அந்த மென்பொருளின் சொந்தக் கோப்பில் அப்படியே காத்திருக்கிறது.

பாமினி எழுத்துருவில் இன்னும் வேலை செய்கிறவர்களுக்கு இதனால் பாதிப்பு இல்லை, ஏனெனில் அது ஆங்கில விசைத்தளத்திலேயே தட்டப்படுவது. ஹோம் கோப்புறையில் ஃபொண்ட்ஸ் என்ற மறைந்த கோப்புறைக்குள் போட்டுவைத்த எழுத்துருக்களையும், எழுத்துருக்களைத் தேடித் தரும் ஃபொண்ட்கொன்ஃபிக் மென்பொருள் இன்னும் படிக்கிறது. புதிதாகச் சேர்ப்பவற்றை லோக்கல், ஷெயார், ஃபொண்ட்ஸ் என்ற பாதையில் வைப்பது நல்லது.

2025 செப்டெம்பர் 14

பனல் வந்துவிட்டது, ஆனால் கோப்பு மேலாளரான டொல்பினில் ஒரு கிளிக்கில் திறந்த கோப்புகள் இப்போது இரண்டு கிளிக் கேட்கின்றன, இந்த அமைப்பும் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இது போன அமைப்பன்று, ஒருபோதும் எழுதப்படாத அமைப்பு.

கேடிஈயின் அமைப்புக் கோப்புகளில் பொதுவாக எழுதப்படுபவை, நீங்கள் இயல்பிலிருந்து மாற்றியவை மட்டுமே. இயல்பாகவே உங்களுக்குப் பிடித்திருந்த ஒன்றை நீங்கள் தொட்டிருக்கமாட்டீர்கள். தொடாதது கோப்பில் இராது. புதிய பதிப்பு இயல்பை மாற்றும்போது உங்களுக்கும் அது மாறிவிடும். பிளாஸ்மா 5இல் ஒரு கிளிக் இயல்பு, பிளாஸ்மா 6இல் இரண்டு கிளிக் இயல்பு. வெறும் டெஸ்க்டொப்பில் சுட்டியின் சக்கரத்தை உருட்டினால் அடுத்த மெய்நிகர் டெஸ்க்டொப்புக்குப் போகும் வழக்கமும், உருள்பட்டையின் வெறும் இடத்தில் சொடுக்கினால் ஒரு பக்கம் மட்டும் நகரும் வழக்கமும் அதே பதிப்பில் மாற்றப்பட்டன. இவற்றைப் பழைய கோப்பில் தேடினால் கிடைக்கமாட்டா. சிஸ்டம் செட்டிங்ஸில் விரும்பியபடி ஒருமுறை மாற்றிவிட்டால், அதற்குப் பிறகு அது உங்களுடைய தெரிவாகக் கோப்பில் பதியும்.

அமைப்புகள் போய்விட்டன என்று வருந்துகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: அதை நீங்கள் எப்போதாவது கையால் மாற்றினீர்களா?

2025 செப்டெம்பர் 15

தீம் பற்றி ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய தோற்றம் வேண்டுமென்று குளோபல் தீம் (முழுத் தோற்றத்தையும் ஒரேயடியாக மாற்றும் தொகுப்பு) ஒன்றை இப்போது இறக்கிப் போடாதீர்கள். பூசும்போது டெஸ்க்டொப் ஒழுங்கையும் சேர்த்து மாற்றவா என்று ஒரு கட்டம் கேட்கும். அதைத் தெரிவு செய்தால், பாடுபட்டு மீட்ட பனல் தீமின் பனலால் மாற்றப்பட்டுவிடும். அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. குளோபல் தீம்களுக்குள் ஓடக்கூடிய நிரலும் இருக்கலாம். 2024 மார்ச்சில் வெளியார் ஒருவர் செய்த தீமைப் போட்ட பயனர் ஒருவரின் கோப்புகள் அழிந்துபோயின, அதன்பின் கேடிஈ தரப்பிலிருந்தே இதுபற்றி எச்சரிக்கை வந்தது. அமைப்புகளை மீட்கும் வேளையில் அப்படியொரு பரீட்சை வேண்டாம்.

வெளியார் செய்த விட்ஜெட்டுகளும் இதே வரிசையில்தான் வருகின்றன. பிளாஸ்மா 6 கியூடி 6 நூலகத்தின் மேல் எழுதப்பட்டது. பிளாஸ்மா 5க்கென எழுதிய விட்ஜெட்டை அதன் ஆசிரியர் மாற்றி எழுதாவிட்டால் அது ஓடாது. பனலில் அதன் இடம் மட்டும் பிழைச் செய்தியுடன் நிற்கும்.

2025 செப்டெம்பர் 20

இந்த வாரம் வேறு டெஸ்க்டொப் பாவிப்பவர்களிடமிருந்தும் கேள்விகள் வந்திருப்பதால் அவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பொறிமுறை வேறானாலும் விடை பெரிதும் ஒன்றுதான்.

க்னோம் தன் அமைப்புகளை டிகொன்ஃப் என்ற இருமக் கோப்பில் வைக்கிறது. அதை எழுத்துத் தொகுப்பியில் திறந்து படிக்க முடியாது. டிகொன்ஃப் கட்டளைக்கு டம்ப் என்ற தெரிவைக் கொடுத்தால் உள்ளே இருப்பவை அனைத்தையும் எழுத்தாக வெளியே கொட்டும், லோட் என்ற தெரிவு திரும்பச் சேர்க்கும். டெபியன் 12இல் க்னோம் 43, டெபியன் 13இல் க்னோம் 48. இந்த இரண்டுக்கும் இடையில் 2023 செப்டெம்பரில் வந்த க்னோம் 45, எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்கள்) எழுதப்படும் முறையையே மாற்றியது. அதுவரை எழுதப்பட்டவை எல்லாம் திருத்தி எழுதப்பட வேண்டியிருந்தன. ஆகவே டெபியனில் தரமேற்றும் க்னோம் பயனருக்குப் பழைய எக்ஸ்டென்ஷன்கள் ஓடாமல் நிற்பது எதிர்பார்க்க வேண்டியதே. அவற்றுக்கு நீங்கள் கொடுத்த அமைப்புகள் டிகொன்ஃபுக்குள் இருக்கின்றன, புதிய பதிப்பை நிறுவியதும் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளப்படும்.

எக்ஸ்எஃப்சிஇ இவற்றில் மிக அடக்கமானது. டெபியன் 12இல் 4.18, டெபியன் 13இல் 4.20. ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, எல்லாம் ஒரே கோப்புறையில். தெகிவளையில் ஓர் ஆசிரியையின் பழைய மடிக்கணினியில் பனலை மீட்டபோது, பழைய கோப்பைச் சரியாகவே வைத்தும் அது மறுபடி மறுபடி பழுதான நிலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அமைப்புகளைக் கையாளும் எக்ஸ்எஃப்கொன்ஃப் சேவை பின்னணியில் ஓடிக்கொண்டு தன் நினைவில் இருந்ததை மேலெழுதியதே காரணம். எழுத்துத் திரையிலிருந்து, அந்தச் சேவை ஓடாத நேரத்தில் வைத்தவுடன் பனல் நின்றது. முதல் நாள் எழுத்துத் திரையை நான் வற்புறுத்தியது இதனால்தான்.

2025 செப்டெம்பர் 21

நீண்ட காலமாக லினக்ஸ் பாவிப்பவர்கள் "ஒவ்வொரு பெரிய பதிப்பிலும் இதே கதைதான்" என்கிறார்கள். கதை ஒன்றன்று. 2008இல் கேடிஈ 4 வந்தபோது சில லினக்ஸ் வெளியீடுகள் அதன் அமைப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்தன, கேடிஈ 3இன் கோப்புறை பக்கத்தில் தீண்டப்படாமல் கிடந்தது. 2011இல் க்னோம் 3, ஜீகொன்ஃபிலிருந்து டிகொன்ஃபுக்கு மாறியது. 2014இல் பிளாஸ்மா 5, கேடிஈ என்ற மறைந்த கோப்புறையை விட்டுப் பொதுவான கொன்பிக் கோப்புறைக்குக் குடிபெயர்ந்தது. அந்த மூன்று முறையும் இடமே மாறியது. 5இலிருந்து 6க்குப் போகும்போது இடம் மாறவில்லை, கோப்புப் பெயர்களும் பெரும்பாலும் மாறவில்லை. அதனால்தான் இம்முறை பெரும்பகுதி தானாகவே வந்து சேர்கிறது. வராமல் நிற்பவை திரை, விசைத்தளம், சுருக்குவிசை, வெளியார் விட்ஜெட் என்ற குறிப்பிட்ட சில இடங்களே. அந்தச் சில இடங்களுக்காக முழுக் கோப்புறையையும் அழிப்பதை நான் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2025 செப்டெம்பர் 27

வத்தளையிலிருந்து எழுதிய இன்னொரு வாசகரின் சிக்கல் வேறு வகையானது: அமைப்பை மாற்றினால் அப்போதைக்கு மாறுகிறது, மறுநாள் பழையபடி வருகிறது. இப்படி இருந்தால் டெஸ்க்டொப்பைச் சந்தேகிக்க முன் இரண்டு விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, கோப்பின் உரிமையாளர். வரைகலை நிரலொன்றை எப்போதாவது சூடோ (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) போட்டுத் திறந்திருந்தால், உங்கள் ஹோம் கோப்புறைக்குள் சில கோப்புகள் ரூட் பயனருக்கு உரியவையாகியிருக்கும். உங்களால் அவற்றில் எழுத முடியாது. எழுதிய பிரதி எங்கும் சேராததால் மறுநாள் பழையது வருகிறது. ஃபைண்ட் கட்டளையால் ஹோம் கோப்புறையில் உங்களுக்கு உரியதல்லாத கோப்புகளைத் தேடிப் பட்டியல் எடுத்து, சௌன் கட்டளையால் உரிமையை மீட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, வன்தட்டில் இடம். தரமேற்றலின்போது இறக்கிய பொதிகள் (மென்பொருள் நிறுவல் கோப்புகள்) பல ஜிகாபைட் அளவில் தங்கியிருக்கலாம். இடம் முழுவதும் நிரம்பியிருந்தால் எந்த நிரலாலும் எதையும் சேமிக்க முடியாது. டிஎஃப் கட்டளை இதை உடனே காட்டிவிடும்.

2025 செப்டெம்பர் 28

நேற்றைய குறிப்போடு மின்சாரத்தையும் சேர்த்திருக்க வேண்டும் என்று ஒருவர் நினைவூட்டினார், அது சரியே. இவ்வாண்டு பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் மின் தடைப்பட்டதை எல்லோரும் அறிவோம். அப்படியொரு நேரத்தில் யூபிஎஸ் இல்லாத கணினியில் தரமேற்றல் ஓடிக்கொண்டிருந்தால், பொதிகளில் பாதி பழையதும் பாதி புதியதுமாக நிற்கும். டெஸ்க்டொப் எழும்பினாலும், அமைப்பைப் படிக்க வேண்டிய பகுதி நிறுவப்படாமலேயே இருக்கலாம். பொதிகளை நிறுவும் டிபிகேஜி கட்டளையிடம், பாதியில் நின்ற பொதிகள் அனைத்தையும் முடிக்கச் சொல்ல வேண்டும்; அதன்பின் தரமேற்றலை மறுபடி ஓடவிட வேண்டும். செப்டெம்பர் 7இல் நான் சொன்ன புதிய பயனர் கணக்குப் பரிசோதனை இந்த நிலையைத்தான் கண்டுபிடித்துத் தரும்.

மின் தடையால் கோப்புகள் சுழியம் பைட் அளவாகிப்போவது பற்றியும் கேட்டிருந்தார்கள். 2009இல் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை புதிதாக இருந்தபோது அது பெரிய பேச்சாக இருந்தது. கணினி திடீரென நின்றால் அப்போதுதான் எழுதப்பட்ட கேடிஈ அமைப்புக் கோப்புகள் வெறுமையாகிப்போயின. கேர்னல் 2.6.30இல் அதற்குத் தடுப்பு வந்தது, கேடிஈயும் இப்போது தற்காலிகக் கோப்பில் முழுவதையும் எழுதி முடித்த பிறகே பெயரை மாற்றுகிறது. இன்று சுழியம் பைட் கோப்பைக் கண்டால் முதலில் வன்தட்டு நிரம்பியதா என்று பார்ப்பதே பொருத்தம்.

2025 ஒக்டோபர் 4

கொட்டாஞ்சேனை வாசகருக்கு. சுருக்குவிசைகள் மட்டும் மீதம் என்கிறீர்கள். பிளாஸ்மா 5இல் நீங்களே கட்டளை எழுதிப் பதிந்த சுருக்குவிசைகளைக் கேஹொட்கீஸ் என்ற சேவை கவனித்தது. பிளாஸ்மா 6இல் அந்தச் சேவை இல்லை. ஆனால் அதன் கோப்பு கொன்பிக் கோப்புறையில் இன்னும் இருக்கும், திறந்தால் ஒவ்வொரு விசைக்கும் நீங்கள் எழுதிய கட்டளை முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். அதை ஒரு பக்கம் திறந்துவைத்து, மறுபக்கம் சிஸ்டம் செட்டிங்ஸின் சுருக்குவிசைப் பகுதியில் கட்டளையாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். அதே சேவையில் சுட்டி அசைவுகளைப் பதிந்திருந்தால், அவற்றுக்கு நேர் மாற்று அங்கே இல்லை.

2025 ஒக்டோபர் 5

பிரதியிலிருந்து பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒவ்வொன்றாக என்பது சரி, ஆனால் பிளாஸ்மாவில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

உள்நுழையும்போது கேகொன்ஃப் அப்டேட் என்ற சிறிய நிரல் ஓடி, பழைய பதிப்பின் வரிகளைப் புதிய பதிப்புக்கு ஏற்றபடி மாற்றி எழுதுகிறது. எந்த மாற்றத்தை ஏற்கெனவே முடித்தது என்பதைத் தனக்கென ஒரு கோப்பில் குறித்துக்கொண்டு, முடிந்ததை அது மறுபடி செய்வதில்லை. ஆகவே மாற்றமெல்லாம் முடிந்த ஹோம் கோப்புறைக்குள் பிளாஸ்மா 5 காலத்துக் கோப்பைக் கொண்டுபோய் வைத்தால், அதன் பழைய வரிகள் மாற்றப்படாமலேயே கிடக்கும், டெஸ்க்டொப் அவற்றை அறிந்துகொள்ளாது. இது போன்ற கட்டத்தில்தான் மக்கள் களைத்துப்போய் எல்லாவற்றையும் அழிக்கிறார்கள். கோப்பை முழுதாகத் திருப்பி வைப்பதைவிட, பழையதையும் புதியதையும் டிஃப் கட்டளையால் அருகருகே ஒப்பிட்டு, உங்களுக்குத் தேவையான வரிகளை மட்டும் புதிய கோப்பில் சேர்ப்பதே நான் பரிந்துரைக்கும் வழி. இது மெதுவான வேலை. ஆனாலும் எந்த வரி எதைச் செய்தது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும், அடுத்த முறை எவரையும் கேட்க வேண்டியிராது.

2025 ஒக்டோபர் 12

சுருக்குவிசைகளையும் சேர்த்துவிட்டதாகவும், டெம்ப்ளேட்டுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை என்றும் தகவல் வந்திருக்கிறது. மிக்க மகிழ்ச்சி. அந்த வெளி வன்தட்டில் உள்ள பிரதியை இன்னும் சில மாதங்களுக்கு வைத்திருங்கள். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் நாட்காட்டி வேலை போன்றவற்றில் என்ன குறைந்திருக்கிறது என்பது டிசெம்பரில்தான் தெரியவரும்.